பாதிப் பேர் என்றால், எத்தனை பேரில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் தட்டம்மை பற்றி ஒரு செய்தி வந்தது. ‘ஊசி போட்டும் விடாத அம்மை: பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிப் பேர் தடுப்பூசி போட்டவர்கள்’ என்று தலைப்பு. அதில் பொய் ஒன்றும் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் மறுப்பு வெளியிடச் சொல்லி ஒரு அஞ்சலட்டையோடு விட்டிருப்பேன். உண்மையைப் போட்டே ஆட்களைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டீர்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எதிர்வீட்டு மருமகள் அந்தப் பக்கத்தைப் போனில் கொண்டுவந்து காட்டினாள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். பையனுக்குப் பதினேழு மாதம், இரண்டாவது ஊசி போட வேண்டிய நேரம். “போட்டாலும் வருது, போடாட்டியும் வருது, பாதிக்குப் பாதி. அப்புறம் எதுக்குப் பெரியம்மா புள்ளைக்குக் காய்ச்சலை வரவழைக்கணும்?” என்றாள். பி.காம். படித்த பெண், கணக்கு தெரியாதவள் அல்ல. உங்கள் தலைப்பைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் 34 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து 2019-இல் ஓய்வு பெற்றவள். பதிவேடுகளையெல்லாம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். ஒன்றே ஒன்று மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. என் மகன் ஏழாம் வகுப்பில் மிச்சம் வைத்த கட்டம் போட்ட கணக்கு நோட்டு. அதில் 2003-ஆம் வருடத்து அம்மைக் கணக்கை எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்து அவளிடம் காட்டினேன். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். என் பொறுப்பில் இருந்த ஒரு ஊராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக்குக் கீழ் 240 பிள்ளைகள். அவர்களில் 216 பேருக்கு ஒன்பதாம் மாதத்து ஊசி போட்டிருந்தது, 24 பேருக்கு இல்லை. அந்த மாசி, பங்குனியில் 31 பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டது. அந்த 31-இல் 15 பேர் ஊசி போட்டவர்கள், 16 பேர் போடாதவர்கள். உங்கள் செய்தியில் வந்த அதே பாதிக்குப் பாதி.

நிருபர் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டார். நாங்கள் நிறுத்தினால் மாதாந்திரக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துவிடுவார்கள். ஊசி போட்ட 15 பேர், 216 பேரிலிருந்து வந்தவர்கள். நூற்றுக்கு ஏழு. போடாத 16 பேர், 24 பேரிலிருந்து வந்தவர்கள். நூற்றுக்கு அறுபத்தாறுக்கு மேல். ஒரே ஊர், ஒரே மாதம், ஒரே கிருமி. ஊசி போடாத பிள்ளைக்கு அம்மை வரும் வாய்ப்பு ஒன்பது மடங்குக்கு மேல். மேலே நிற்கிற எண்ணை மட்டும் பார்த்தால் சமம், கீழே நிற்கிற எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இன்னொன்றும் யோசியுங்கள். ஊரில் ஒரு பிள்ளை விடாமல் அத்தனை பேருக்கும் ஊசி போட்டிருந்தால், பிறகு அம்மை கண்ட நாலைந்து பேரும் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். ‘பாதிக்கப்பட்ட அனைவரும் தடுப்பூசி போட்டவர்கள்’ என்று அன்றைக்குத் தலைப்பு வரும். நாங்கள் வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறோமோ, தலைப்பு அவ்வளவு மோசமாக வரும்.

ஊசி போட்டும் ஏன் 15 பேருக்கு வந்தது என்றால், ஒன்பதாம் மாதத்தில் போடுகிற ஊசி நூறு குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அந்த வயதில் சில குழந்தைகளின் ரத்தத்தில் இன்னும் மிச்சமிருக்கும், அது மருந்தையே அடக்கிவிடும். அதற்காகத்தான் 2010-க்குப் பிறகு பதினாறிலிருந்து இருபத்துநாலு மாதத்துக்குள் இரண்டாவது ஊசி வந்தது. 2003-இல் அது கிடையாது. முதலில் பிடிக்காமல் விட்டவர்களையும் சேர்த்துப் பிடிக்கிற ஊசி அது. எதிர்வீட்டு மருமகள் வேண்டாம் என்று சொன்னது சரியாக அந்த ஊசியைத்தான்.

அந்த வருடம் அம்மை ஊருக்குள் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொற்று நோயைப் பற்றி எந்த வகுப்பில் படித்ததைவிடவும் அந்த இரண்டு மாதத்தில் அதிகம் கற்றுக்கொண்டேன்.

ஏரிக்கரைத் தெருவில் ஒரு காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டுப் பக்கம் செங்கல் சூளைக்குப் போயிருந்த ஒரு குடும்பம் அதற்காக வந்திருந்தது. அந்த வீட்டுப் பெண், ஆறு வயசு, மூக்கு ஒழுகிக்கொண்டு, கண் சிவந்து, இருமிக்கொண்டே மற்ற பிள்ளைகளோடு பகலெல்லாம் ஓடி விளையாடியிருக்கிறாள். “பஸ்சுல காத்து பட்டுடுச்சு” என்று தாய் சொல்லியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காதுக்குப் பின்னால் தடிப்பு தொடங்கி, முகத்துக்கு வந்து, மார்புக்கு இறங்கியது. உடனே வாசலில் வேப்பிலை.

நம் வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வாசலில் வேப்பிலை என்றால் வெளி ஆள் உள்ளே போவதில்லை, வீட்டுப் பிள்ளை வெளியே வருவதில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை யாரும் ஊர்ப் பயணம் போவதில்லை. தனிமைப்படுத்தல் என்று நாங்கள் சுவரொட்டி அடித்துச் சொன்னதை மாரியம்மன் பேரைச் சொல்லி மக்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். முடிக்கிற நாள்கூட ஏறக்குறையச் சரிதான், தடிப்பு வந்து நாலு நாள் போனால் அந்தப் பிள்ளையிடமிருந்து பரவாது. தவறுவது தொடங்குகிற நாள். தட்டம்மை, தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடுகிறது. சாதாரணச் சளி போலத் தெரிகிற அந்த நாலு நாளில் அது ஊரைச் சுற்றி வந்துவிடும். அந்தப் பிள்ளை இருமிவிட்டுப் போன அறையின் காற்றிலேயே இரண்டு மணி நேரம் வரை கிருமி தங்கும். நேரில் பார்க்காத பிள்ளைக்கும் வரும். நாம் வேப்பிலை கட்டும்போது காதுகுத்து விருந்தே முடிந்துவிட்டது.

பிறகு பத்து நாள் ஊரில் ஒன்றுமில்லை. “அந்தப் புள்ளையோட போச்சு நர்சம்மா” என்றார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பயிற்சி வகுப்பில் ஒரு டாக்டர் சொன்ன கதை நினைவில் இருந்தது. 1846-இல் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, பானும் என்கிற இளம் டேனிஷ் மருத்துவர் போய்ப் பார்த்தார். 65 வருடமாக அந்தத் தீவுகளில் தட்டம்மையே இல்லை. 7,782 பேர் வாழ்ந்த இடத்தில் சுமார் 6,000 பேருக்குக் கண்டது. தட்டம்மைக்குக் கிருமிதான் காரணம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அவர் செய்ததெல்லாம் ஊர் ஊராகப் போய், முதல் ஆளுக்குத் தடிப்பு வந்த தேதி எது, அடுத்தவருக்கு வந்த தேதி எது என்று கேட்டு எழுதியதுதான். நோய் உள்ள ஆளோடு பழகியதற்கும் இவருக்குத் தடிப்பு வந்ததற்கும் இடையில் பதின்மூன்று, பதினாலு நாள். எந்த ஊரில் கேட்டாலும் அதே கணக்கு. 1781-இல் சிறு வயதில் தட்டம்மை கண்டு பிழைத்த கிழவர்கள், கிழவிகள் 98 பேரையும் விசாரித்திருக்கிறார். ஒருவருக்கும் இரண்டாம் முறை வரவில்லை. ஒரு முறை வந்தால் ஆயுளுக்கும் வராது என்பதை அவர் நோட்டும் பேனாவும் வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

அதனால் காதுகுத்து நாளைச் சுவர்க் காலண்டரில் சுழித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பன்னிரண்டாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாளுக்குள் ஏழு பிள்ளைகளுக்குக் கண்டது. ஏழு பேரும் அந்தக் காதுகுத்துக்குப் போனவர்கள். மறுபடி பத்து நாள் அமைதி, மறுபடி “போயிடுச்சு நர்சம்மா”. பிறகு ஒரே வாரத்தில் 18. அதற்கு அடுத்த சுற்றில் ஐந்து. அதோடு நின்றது. ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம் என்று நோட்டில் தேதிவாரியாக அடுக்கினால் நடுவில் பள்ளம் விட்டு மூன்று மேடு எழும்பும். அந்தப் பள்ளம்தான் நோய் உள்ளே இருந்து வளருகிற நாள். ‘காய்ச்சல் கட்டுக்குள் வந்தது’ என்று உங்கள் நிருபர்கள் பல சமயம் செய்தி எழுதுவது அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டுதான்.

ஒருத்தியிடமிருந்து ஏழு, ஏழு பேரிடமிருந்து 18, 18 பேரிடமிருந்து ஐந்துதான். கிருமிக்குச் சலிப்பு வந்துவிடவில்லை, பற்றிக்கொள்ள ஆள் தீர்ந்துபோனது. எதிர்ப்பே இல்லாத ஊரில் ஒரு தட்டம்மைப் பிள்ளை பன்னிரண்டிலிருந்து பதினெட்டுப் பேருக்குக் கொடுக்கும் என்பார்கள். நோயாளி ஒருவர் ஒருவருக்கும் குறைவாகக் கொடுத்தால் நோய் தானாக அணையும். தட்டம்மைக்கு அந்த நிலை வர, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்கு எதிர்ப்பு இருக்க வேண்டும். மற்ற பல நோய்களுக்கு எண்பது போதும், இதற்குப் போதாது.

எங்கள் ஊராட்சியில் 240-க்கு 216, தொண்ணூறு சதவீதம். கூட்டத்தில் கைதட்டு வாங்கிய எண். ஆனால் அந்தத் தொண்ணூறு எந்தத் தெருவிலும் கிடையாது. ஊசி போடாத 24 பேரில் 19 பேர் ஏரிக்கரைத் தெருவில்தான் இருந்தார்கள். அந்தத் தெருவில் மொத்தமே 34 பிள்ளைகள். பாதிக்கு மேல் போடாதவர்கள். மற்ற தெருக்களில் 206-இல் ஐந்து பேர்தான் பாக்கி. ஏரிக்கரையில் அந்த 19 பேரில் 15 பேருக்கு அம்மை கண்டது. மற்ற தெருக்களில் போடாத ஐந்து பேரில் ஒருவனுக்குத்தான் கண்டது. அந்த நாலு பிள்ளைகளையும் காப்பாற்றியது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் கையில் ஏறிய ஊசி. ‘மாவட்டத்தில் இத்தனை சதவீதம் தடுப்பூசி’ என்று நீங்கள் போடும்போதெல்லாம் எனக்கு அந்தத் தெருதான் கண்ணுக்கு வரும்.

ஏரிக்கரையில் ஏன் அத்தனை பேர் விடுபட்டார்கள்? மூடநம்பிக்கை என்று எழுதிவிடாதீர்கள். பாதிக் குடும்பங்கள் வருடத்தில் ஆறு மாதம் சூளையில் இருக்கும். நான் புதன்கிழமை வாக்சின் கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால் வீடு பூட்டியிருக்கும். அவர்கள் ஊரில் இருக்கும் புதன்கிழமையில் போட்டால்தான் உண்டு.

இங்கே என் தப்பு ஒன்றையும் எழுத வேண்டும். 2002 ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, அந்தச் சூளைக் குடும்பத்துத் தாய் தன் சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அன்றைக்குத் தட்டம்மை ஊசிக்கு வந்தது அந்த ஒரு குழந்தைதான். ஒரு வயலில், அதாவது மருந்துக் குப்பியில், ஐந்து பேருக்கு மருந்து. கரைத்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் போட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். எத்தனை வயல் வீணானது என்று மேலதிகாரி கேட்பார். நான் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, “அடுத்த வாரம் வாம்மா, நாலு பேர் சேர்ந்துடுவாங்க” என்றேன். அடுத்த வாரம் நாலு பேர் வந்தார்கள், அவள் வரவில்லை. தீபாவளி முடிந்ததும் சூளைக்குக் கிளம்பியிருந்தார்கள். ஒரு குழந்தை வந்தாலும் வயலை உடைக்கலாம் என்பதுதான் இன்றைக்கு விதி. அன்றைக்கும் உடைத்திருக்கலாம்.

காதுகுத்துக்கு வந்த ஆறு வயதுக்காரியின் தங்கைதான் அந்தக் குழந்தை. இரண்டாவது சுற்றில் அவளுக்குக் கண்டது. தடிப்பு மறைந்து, தலைக்கு ஊற்றி, மூன்று வாரம் கழித்து நெஞ்சுச் சளியில் போய்விட்டாள். பதிவேட்டில் மரண காரணம் நிமோனியா. தட்டம்மை என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. தட்டம்மை உடம்பின் எதிர்ப்பைக் குலைத்துவிட்டுப் போகும், பின்னால் வருகிற நிமோனியாவும் பேதியும் முடித்துவைக்கும் என்பது தெரிந்த எங்களுக்குத்தான் அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும்.

எண்ணுவதிலேயே இன்னொரு சங்கடம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளிப் பதிவேட்டில் அந்த இரண்டு மாதத்தில் இருந்த தட்டம்மை நாலுதான். மிச்சம் 27-ஐ நான் எப்படிக் கண்டுபிடித்தேன்? தெருத் தெருவாக வேப்பிலை தேடிப் போனேன். வேப்பிலை கட்டிய வாசலில் நின்றால், “அம்மா வந்திருக்கா நர்சம்மா, செருப்பை வெளியவே விட்டுடுங்க, ஊசிப் பேச்சு மட்டும் பேசாதீங்க” என்பார்கள். பேச மாட்டேன். வைட்டமின் ஏ திரவத்தை இன்றைக்கு ஒரு அளவு, நாளைக்கு ஒரு அளவு என்று வாயில் ஊற்றிவிட்டு, கன்னத்தை விலக்கி டார்ச் அடித்துப் பார்ப்பேன். தடிப்பு அப்போதுதான் தொடங்கிய பிள்ளைக்கு உள்கன்னத்தில் உப்புத்தூள் ஒட்டின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரியும். காய்ச்சல், தடிப்பு, அதோடு இருமலோ மூக்கொழுகலோ கண் சிவப்போ இருந்தால்தான் நோட்டில் கட்டம். இரண்டு வீட்டில் வேப்பிலை இருந்தது, ஆனால் பிள்ளைகளுக்கு நீர்க்கொப்புளம். அது சின்னம்மை. அவர்களைச் சேர்க்கவில்லை.

பதிவேட்டை நம்பியிருந்தால் நாலு பேருக்கு நோய், ஒரு சாவு. ‘நான்கில் ஒருவர் பலி’ என்று தலைப்புப் போடலாம், ஊரே நடுங்கும். தெருவில் நடந்து எண்ணினால் 31-இல் ஒன்று. சாவு அதே ஒரு சாவுதான், அந்தக் குழந்தை அதே குழந்தைதான். கீழே நிற்கிற எண் மாறியதும் நோயே வேறு நோயாகத் தெரிகிறது. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் நீங்கள் போடுகிற ‘மர்மக் காய்ச்சல்’ செய்திகளைப் படிக்கும்போதும் எனக்கு இதுதான் தோன்றும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர்களை மட்டும் எண்ணுகிறீர்கள். எந்தத் தெரு, எந்தத் தேதி, என்ன வயது, அதே தெருவில் நன்றாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதினால் மர்மத்தில் பாதி அன்றைக்கே கழன்றுவிடும்.

2017 பிப்ரவரியில் ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டோம். வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வதந்தி. பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் வந்து பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அப்போது பத்திரிகைகள் வதந்தியை மறுத்து எழுதியது எங்களுக்குப் பெரிய உதவி. அதை மறக்கவில்லை. அதனால்தான் இப்போது உரிமையோடு கேட்கிறேன்.

அந்தச் செய்தியில் விடுபட்டது இரண்டே எண்கள். அந்தப் பகுதியில் ஊசி போட்ட பிள்ளைகள் மொத்தம் எத்தனை, போடாதவர்கள் மொத்தம் எத்தனை. அந்த ஊர் செவிலியரிடம் கேட்டால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். கிடைத்ததும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஏழாம் பக்கத்து மூலையில் ‘திருத்தம்’ என்று வேண்டாம், அதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டார்கள்.

நோட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நிருபர் தம்பிக்கு அசலைப் பார்க்க வேண்டும் என்றால் எந்த நாளும் வீட்டுக்கு வரட்டும், புதன்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு எதிர்வீட்டு மருமகளையும் பையனையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
விழுப்புரம் மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)